நெல்லுக்குப் பின் உளுந்து

பீர்மேட்டில் நமக்குத் தேயிலையும் ஏலமும்தான் பிழைப்பு. ஆனாலும் நம்மில் சிலருக்குச் சொந்த ஊரில் கொஞ்சம் நஞ்சை உண்டு. நெல் அறுத்ததும் அது தரிசாய்க் கிடக்கும். காவிரி டெல்டாவில் அப்படி விடுவதில்லை.

சம்பா, தாளடி அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளித்துவிடுகிறார்கள். தை மாதம் தோது. மண் மெழுகுப் பதத்தில் இருக்கணும். தண்ணீர் தேங்கினால் விதை அழுகும், காய்ந்துபோனால் முளைக்காது. அப்புறம் உழவு கிடையாது, பாசனமும் கிடையாது. மிச்ச ஈரமும் பனியுமே போதும். ஆடுதுறை 3 உளுந்து இதற்கேற்ற ரகம்; 70, 75 நாளில் காய் பறிக்கலாம். பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து மறு தடவை 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் காய் நன்றாகப் பிடிக்கும். வேர் முடிச்சு மண்ணில் தழைச்சத்தைச் சேர்ப்பது கூடுதல் வரவு. செலவு குறைவு என்பதுதான் என் கணக்கில் இதன் லாபமே.

அந்த லாபத்துக்குத்தான் இப்போது மெஷின் உலை வைக்கிறது. கையால் அறுத்த காலத்தில் இளம் பயிர் பிழைத்துக்கொண்டது. அறுவடை இயந்திரம் ஏறினால் நசுங்கிப் போகிறது. அறுத்த பிறகு விதைக்கலாம் என்றால், அதற்குள் ஈரம் வற்றிவிடுகிறது; உழவுக்கும் தண்ணீருக்கும் காசு தேட வேண்டும். அறுப்புக்கு ஆள் கிடைக்காத ஊரில் வேறு வழியும் இல்லை. ஆகவே குத்தகைக்காரரிடம் உளுந்துப் பேச்சை எடுக்குமுன் இதைக் கேளுங்கள்: அறுப்பு கையாலா, மெஷினாலா?