நூலகத்தில் ஒரு பட்டறை

பட்டறை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது கரக்பூர் ரயில்வே பட்டறைதான். காலைச் சங்கு, எண்ணெய் வாசனை, வாசலில் அடுக்கிய சைக்கிள்கள். நான் தண்டவாளப் பிரிவைச் சேர்ந்தவன். பட்டறைக்குள் எனக்கு வேலை கிடையாது. ஆனாலும் பணிக்காலத்தின் பெரும் பகுதியை அந்த ஊரைச் சுற்றியே கழித்தவன். ஆகவே சென்ற ஆண்டு என் மருமகள், "மாமா, யூனிவர்சிட்டி லைப்ரரியில் மூணு நாள் ஒர்க்‌ஷாப். குழந்தையை நீங்களும் அத்தையும் பார்த்துக்கணும்" என்று சொன்னபோது, புத்தகம் இருக்கிற இடத்தில் என்னம்மா பட்டறை என்றுதான் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலும் இல்லை. அதற்குக் காரணம் நான்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

விஷயம் இதுதான். மருமகள் ஒரு பள்ளியில் சரித்திர ஆசிரியை. டாலிகஞ்சில் எங்களோடு இருந்துகொண்டே, தெற்குக் கொல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்கிறாள். பொருள், பெங்கால் நாக்பூர் ரயில்வே காலத்தில் கரக்பூரில் குடியேறிய தென்னிந்தியத் தொழிலாளர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரடங்கு நாட்களில் பொழுது போகாமல், என் பழைய நோட்டுப் புத்தகங்களில் இருந்த ரயில்வே விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் தட்டி வைத்திருந்தேன். நாற்பது பக்கம் இருக்கும். பென் டிரைவில் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவளும் நன்றி மறவாமல், இரண்டாம் அத்தியாயத்தில் பயன்படுத்தி, அடிக்குறிப்பில் "ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளரின் நினைவுக் குறிப்புகள்" என்று என் பெயரையே போட்டிருந்தாள்.

அத்தியாயத்தைச் சோதனைக்குக் கொடுத்தபோது, 34 சதவீதம் வேறு எழுத்துகளோடு ஒத்துப்போகிறது என்று அறிக்கை வந்தது.

இந்தச் சதவீதக் கணக்கை நம் வீட்டுப் பெரியவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளைகள் முகம் வாடியிருந்தால் காரணம் புரியும். யு.ஜி.சி. என்று நாம் சொல்லும் பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் எழுத்துத் திருட்டைத் தடுக்க ஒரு விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் குறிக்குள் மூலம் சொல்லித் தந்த வரிகள், நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவை கணக்கில் சேராது. பொதுவாக எல்லோரும் சொல்லும் வாக்கியம் தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போனாலும் தள்ளுபடி. அதே விதிமுறையில்தான், மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒவ்வொரு பருவத்திலும் இதுபற்றி விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. நூலகங்களில் இத்தனை பட்டறைகள் பெருகியதற்கு இது ஒரு காரணம்.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அந்த அறிக்கையை என் முன் வைத்தாள். பக்கம் முழுக்க வண்ணம் பூசியிருந்தது. ஒவ்வொரு வண்ணமும் ஒரு மூலம். சிவப்பில் இருந்த பத்தி என் குறிப்பிலிருந்து வந்தது. ஆனால் கம்ப்யூட்டர் அதை ஏற்கெனவே வெளியான வேறொருவர் ஆய்வேட்டில் கண்டுபிடித்திருந்தது. "மாமா, இது நீங்க சொந்தமா எழுதினதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இல்லை. 1990களில் அலுவலக நூலகத்தில் கிடைத்த பழைய விழா மலர்களிலிருந்தும் புத்தகங்களிலிருந்தும், பிடித்த பத்திகளை அப்படியே நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று குறிக்கவில்லை. யார் கேட்கப்போகிறார்கள்? இருபத்தைந்து வருடம் கழித்துத் தட்டச்சு செய்யும்போது எது என் வாக்கியம், எது பிறருடையது என்று எனக்கே தெரியவில்லை. அதே மலரிலிருந்து இன்னொருவரும் எடுத்து எழுதியிருக்கிறார். அவர் மூலத்தைச் சொல்லியிருந்தார், நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மருமகள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

மூன்று நாள் பட்டறையில் முதல் இரண்டு நாள் அவள் நேரில் போனாள். மாலையில் வந்து எனக்குப் பாடம் எடுத்தாள். மூன்றாம் நாள் வகுப்பு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் மூலம். பேரனை மடியில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். கேட்டதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் தேடுதல். இரண்டு சொற்களும் சேர்ந்து வரவேண்டுமா, ஏதாவது ஒன்று வந்தால் போதுமா, ஒன்று வரக்கூடாதா என்று கம்ப்யூட்டரிடம் பிரித்துச் சொல்லும் முறை. சிக்னல் பிரிவு நண்பர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். ரிலேயில் இரண்டு தொடர்புகளை வரிசையாகப் போட்டால் இரண்டும் மூடினால்தான் மின்சாரம் போகும். பக்கவாட்டில் போட்டால் ஒன்று மூடினாலே போதும். அதே தர்க்கம்தான். ஒரு சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே வரிசையில் தேடும் என்பது எளிய விஷயம், ஆனால் இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

எங்கே தேடுவது என்பது அதைவிட முக்கியம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் 'சோத்கங்கா' என்ற களஞ்சியம் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள். யாரும் இலவசமாகப் படிக்கலாம். கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின் நூலகம் 2018 ஜூனில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடப்பொருள் உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள், அரசுக் கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு இதன் மூலம் கிடைக்கின்றன. உங்கள் பிள்ளை அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தால், கட்டுரைக்குக் காசு கட்டச் சொல்லும் பக்கத்தைப் பார்த்துத் திரும்பிவிடாமல், முதலில் நூலகரைக் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் மூலம் காட்டுதல். இதைத்தான் நான் தலையில் அடித்துக்கொண்டு கேட்டேன். ஏனென்றால் வேலையில் நான் இதை ஒரு நாளும் தவறியதில்லை! லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. வரைபடம் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. கான்கிரீட் ஸ்லீப்பர் என்றால் டி-2496 என்று எந்தத் தண்டவாளக்காரரும் தூக்கத்திலும் சொல்வார். எண் மட்டும் போதாது, எத்தனையாவது ஆல்ட்டரேஷன் என்றும் குறிக்க வேண்டும். பழைய ஆல்ட்டரேஷனைப் பார்த்து வேலை செய்தால் பொருத்த வேண்டியது பொருந்தாது. அதுதான் மேற்கோள், அதுதான் பதிப்பு எண். ஸ்லீப்பருக்குக் காட்டிய மரியாதையை ஒரு வாக்கியத்துக்கு நான் காட்டவில்லை.

மூலங்களைச் சேர்த்து வைக்க 'சோட்டெரோ' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்த உடனே ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்கம் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டால், கடைசியில் நூற்பட்டியலைத் தானே அமைத்துத் தரும். ஆனால் தமிழர்களுக்கு இதில் ஒரு தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, பின்னால் நம் பெயர். மென்பொருளோ கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே ஆசிரியர் ஒரு பட்டியலில் 'பிள்ளை'யாகவும் இன்னொன்றில் 'வையாபுரி'யாகவும் நிற்பார். ஆங்கில எழுத்தில் பாரதியை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு விதத்தில் தேடினால் மற்றவை வராது. இன்றைய ஆய்வாளர்களுக்காவது 2012 முதல் 'ஆர்சிட்' என்ற 16 இலக்க எண் கிடைக்கிறது. எழுத்துக்கூட்டல் மாறினாலும் ஆள் மாறமாட்டார். பி.எஃப். நம்பர் மாதிரி என்று என் மனைவிக்குச் சொன்னேன்; புரிந்தது.

மூன்றாம் நாள் எழுதுவது பற்றி. பிறர் கருத்தைச் சொந்த வாக்கியத்தில் சொன்னாலும் மூலம் சொல்ல வேண்டும்; நாலு சொல்லை மட்டும் மாற்றி வைப்பது சொந்த எழுத்தாகாது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் பற்றியும் எச்சரித்தார்கள். பிறகு செயற்கை அறிவு. கேட்ட கேள்விக்குச் சரளமாகப் பதில் எழுதும், அதோடு இல்லாத புத்தகத்துக்கு ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் கொடுக்கும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் அப்படி அது கற்பித்துத் தந்த ஆறு தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். ஆகவே கம்ப்யூட்டர் சொல்லும் புத்தகத்தை நூலகப் பட்டியலில் பார்த்து, முடிந்தால் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

இங்கே ஒரு பெருமையைச் சொல்லாமல் விட மனமில்லை. வாசகருக்குத் தேடக் கற்றுக்கொடுப்பதும் நூலகரின் வேலை என்று இந்தியாவில் நிலைநாட்டியவர் நம் சீர்காழிக்காரர், எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். தனியே உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், பழைய கல்லூரி வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டாராம். லண்டனுக்குப் படிக்கப் போய்வந்தபின் மனம் மாறியது. 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பட்டறையின் முதல் வகுப்பில் அந்த வங்காளி நூலகர் அவர் படத்தைக் காட்டித்தான் ஆரம்பித்தாராம். மருமகள் அதைச் சொன்னபோதுதான் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

பட்டறை முடிந்ததும் வேலை என் பங்குக்கு வந்தது. என் நாற்பது பக்கத்துக்கும் மூலம் தேடிக் கொடுப்பது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். வாரம் மூன்று நாள், டாலிகஞ்சிலிருந்து பஸ் பிடித்து அலிப்பூர் தேசிய நூலகத்துக்குப் போனேன். 1953இல் பொதுமக்களுக்குத் திறந்துவைத்த பெல்வடேர் தோட்டம். வாசகர் அட்டை எடுத்து, பழைய ரயில்வே வெளியீடுகளைக் கேட்டு வாங்கி, பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்தேன். (தமிழ்ப் பேரகராதியின் ஆசிரியர் எஸ்.வையாபுரிப் பிள்ளையின் சொந்தப் புத்தகங்களும் இந்த நூலகத்தில்தான் இருக்கின்றன. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?) கேட்ட புத்தகம் சில நாள் உடனே வரும், சில நாள் வராது. நாலு மாதம் ஆயிற்று. எங்கள் பழைய அலுவலக நண்பர்கள் இருவர் வீட்டுப் பரணிலிருந்தும் இரண்டு மலர்கள் கிடைத்தன. தேடியதில் இன்னொன்றும் தெரிந்தது: நான் பிரதி எடுத்தபோது ஓர் ஆண்டைத் தவறாக எழுதியிருந்தேன். அந்தத் தவறும் ஆய்வேட்டுக்குள் போயிருந்தது.

கண்டுபிடித்த பத்திகளில் சிலவற்றை மேற்கோளாக வைத்தாள். மற்றவற்றைச் சொந்தமாக எழுதி மூலம் சொன்னாள். திரும்பவும் சோதித்தபோது 8 சதவீதம். கெடு முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று பத்திகளுக்கு மட்டும் கடைசிவரை மூலம் கிடைக்கவில்லை. அவற்றை எடுத்துவிட்டாள். அதில் ஒன்று, இரவு ஷிப்ட் முடிந்து தொழிலாளர்கள் விளக்கோடு குடியிருப்புக்குத் திரும்பும் காட்சி. எனக்கு மிகவும் பிடித்த பத்தி. ஒருவேளை அது நானே எழுதியதாகக்கூட இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நிச்சயமாத் தெரியுமா மாமா?" என்றாள். தெரியாது என்றேன்.

கல்லூரியில் படிக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகள் யாருக்காவது சோட்டெரோவில் தமிழ்ப் பெயர்களை ஏற்றுவதிலோ, தேசிய நூலகத்தில் அட்டை வாங்குவதிலோ உதவி தேவைப்பட்டால், ஞாயிற்றுக்கிழமை மாலை நான் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது நோட்டும் பென்சிலும் கொண்டுவரவும். காபி எங்கள் பொறுப்பு.