எறும்பை மனிதனளவு வளர்த்தால்

எறும்பு தன் எடையைப்போல 30 மடங்கு தூக்கும். அதுவே மனிதனளவு இருந்தால் லாரியைத் தூக்கிவிடும். சிறுவயதில் நாம் எல்லோரும் கேட்டு வியந்த செய்தி இது. முதல் பாதியை ஏற்றுக்கொள்ளலாம். இதைவிடக் கூடுதலாகத் தூக்கும் எறும்புகளும் உண்டு. இரண்டாம் பாதியில்தான் கோளாறு இருக்கிறது. எங்கே என்று சேர்ந்து தேடுவோம்.

ஒரு தட்டில், எல்லாப் பக்கமும் 1 செ.மீ. உள்ள மைசூர்பாக் துண்டு ஒன்றை வைப்போம். அருகில், எல்லாப் பக்கமும் 2 செ.மீ. உள்ள இன்னொன்று. பெரியதை வெட்டினால் சின்னத் துண்டுகள் எத்தனை கிடைக்கும்? இரண்டு என்று வாய் முந்திக்கொள்ளும். வெட்டிப் பார்த்தால் எட்டு. நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு. ஆக, எடை எட்டு மடங்கு. ஆனால் தட்டில் அது பிடித்திருக்கும் இடம் நான்கு மடங்குதான்.

நாம் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு பொருளைப் பெரிதாக்கினால் அதன் எல்லாமே ஒரே கணக்கில் கூடும் என்று மனம் நம்பிவிடுகிறது. அப்படி நடப்பதில்லை. நீளம் 10 மடங்கானால், பரப்பு 100 மடங்கு. கனஅளவும் அதோடு எடையும் 1,000 மடங்கு. மூன்றும் மூன்று வேகத்தில் ஓடுகின்றன.

இனி எறும்புக்கு வருவோம். தசையின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அதாவது, பக்கம் பக்கமாக எத்தனை இழைகள் சேர்ந்து இழுக்கின்றன என்பதைப் பொறுத்தது. 5 மி.மீ. எறும்பை 1.5 மீட்டருக்கு வளர்த்தால் நீளம் 300 மடங்கு. வலு 90,000 மடங்கு ஏறும். எடையோ 2 கோடியே 70 லட்சம் மடங்கு! பழைய எறும்பின் எடையை ஒன்று என்று கொண்டால், புதிய எறும்பால் 30 × 90,000, அதாவது 27 லட்சம் தூக்க முடியும். அதன் சொந்த எடையே 270 லட்சம். லாரி இருக்கட்டும், பாவம், அதனால் எழுந்து நிற்கவே முடியாது. நம் உடம்பு எறும்பளவு சுருங்கினால் நாமும் நம் எடையைப்போலப் பல மடங்கு தூக்குவோம். எறும்பின் பெருமைக்குப் பெரும் காரணம் அதன் சிறுமைதான்.

இந்தக் கணக்கை முதலில் தெளிவாக எழுதியவர் கலிலியோ. வீட்டுக்காவலில் இருந்த முதுமையில் அவர் எழுதி, 1638-ல் லெய்டனில் அச்சான நூலில், நீளம் மூன்று மடங்கான எலும்பு அதே வேலையைச் செய்ய எவ்வளவு பருக்க வேண்டும் என்று படமே போட்டுக் காட்டினார். மூன்று மடங்கு பருமன் போதவே போதாது. மான் காலை அப்படியே பெரிதாக்கி யானைக்குப் பொருத்த முடியாததும் இதனால்தான்.

பின்னாளில் இந்தியாவில் குடியேறி 1964-ல் புவனேஸ்வரில் காலமான உயிரியலாளர் ஹால்டேன், கதைகளில் வரும் 60 அடி அரக்கனை 1926-ல் கணக்குப் போட்டுப் பார்த்தார். உயரம் நம்மைப்போல 10 மடங்கு. எடை 1,000 மடங்கு. எலும்பின் குறுக்குவெட்டு 100 மடங்குதான். எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் 10 மடங்கு பாரம் சுமக்க வேண்டும். மனிதத் தொடையெலும்பு ஏறக்குறைய அந்தப் பாரத்தில் முறிந்துவிடும். அரக்கனால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது.