1.89-ஐ மிஞ்சியதா 1.88? பாரா தடகளத்தில் ஒரு சாதனை ஏட்டில் ஏறுவது எப்படி?

2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு தாண்டிய உயரம் 1.89 மீட்டர். தங்கம் கிடைத்தது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பீகாரைச் சேர்ந்த சரத் குமார் 1.88 மீட்டர் தாண்டினார். வெள்ளி கிடைத்தது. இருவரும் டி-42 பிரிவு. ஆனால் பாரிஸில் சரத் குமாரின் 1.88-தான் டி-42 பிரிவின் புதிய பாராலிம்பிக் சாதனையாக அறிவிக்கப்பட்டது.

"ஏங்க, 1.89 தாண்டின நம்மூர்க்காரர் இருக்கும்போது 1.88 எப்படிங்க சாதனை ஆகும்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். கணக்கில் தப்பில்லை. ஒரு சாதனை எந்தப் பிரிவில், எந்தப் போட்டியில், எந்த விதிப்படி பதிவாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தேசிய சாதனையும் இதே வழியில்தான் ஏட்டில் ஏறுகிறது. மோகனூரிலோ பரமத்தியிலோ பயிற்சி எடுக்கும் ஒரு மாற்றுத்திறனாளி மாணவருக்கும் அவர் வீட்டாருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. ஏனென்றால் ஏட்டில் ஏறாத உயரம், தேர்வுக் குழுவின் முன்னால் வெறும் வாய்ப்பேச்சு.

டி, எஃப் என்றால் என்ன?

பாரா தடகளத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் உண்டு. ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் 'டி'. குண்டு, வட்டு, ஈட்டி போன்ற எறிதல்களுக்கு 'எஃப்'. எண், குறைபாட்டின் வகையைச் சொல்லும்.

11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு. 20 என்றால் அறிவுசார் குறைபாடு. 31 முதல் 38 வரை பெருமூளை வாதம் போன்ற ஒத்திசைவுக் குறைபாடுகள். 40, 41 குள்ளமான உடலமைப்பு. 42 முதல் 44 வரை செயற்கைக் கால் இல்லாமல் களமிறங்கும், காலில் குறைபாடு உள்ளவர்கள். 45 முதல் 47 வரை கை குறைபாடு. 50-களில் வருபவர்கள் சக்கர நாற்காலியிலோ, எறிவதற்கான இருக்கையில் அமர்ந்தோ போட்டியிடுபவர்கள். 61 முதல் 64 வரை செயற்கைக் காலுடன் போட்டியிடுபவர்கள்.

சாதனை ஏடு இந்த ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனிப் பக்கம் வைத்திருக்கிறது. அதனால்தான் ஆண்கள் உயரம் தாண்டுதலுக்கு 'தேசிய சாதனை எவ்வளவு?' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தப் பிரிவில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

காது கேளாதோர் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கான உலகப் போட்டி டெஃப்லிம்பிக்ஸ். அது வேறு அமைப்பு, வேறு ஏடு.

அப்படியானால் 1.89 எங்கே போனது?

எங்கும் போகவில்லை. தங்கமும் அப்படியே இருக்கிறது, முடிவுப் பட்டியலிலும் அப்படியே இருக்கிறது. மாறியது பிரிவின் எல்லை.

இதே உயரம் தாண்டுதலில் 2012 லண்டனில் கர்நாடகத்தின் கிரிஷா 1.74 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றபோது போட்டியின் பெயர் எஃப்-42. ரியோவில் அது டி-42. டோக்கியோவிலும் பாரிஸிலும் டி-63. ஒரே விளையாட்டு, மூன்று பெயர்.

ரியோவின் டி-42-இல் செயற்கைக் கால் அணிந்தவர்களும் அணியாதவர்களும் ஒரே பிரிவாக இருந்தார்கள். செயற்கைக் காலுடன் தாண்டிய அமெரிக்கர் சாம் க்ரூ அங்கே வெள்ளி வென்றதும் டி-42 வீரராகத்தான். 2018 ஜனவரி முதல் உலகப் பாரா தடகள அமைப்பு, செயற்கைக் கால் அணிபவர்களுக்கு 61 முதல் 64 வரை புதிய எண்களைக் கொடுத்துப் பிரித்தது. க்ரூ டி-63 ஆனார். செயற்கைக் கால் அணியாத மாரியப்பனும் சரத் குமாரும் டி-42-இல் நின்றார்கள். ஆக, ரியோவின் டி-42 வேறு. பாரிஸின் டி-42 வேறு. பிரித்த பிறகு நடந்த முதல் பாராலிம்பிக்கான டோக்கியோவில் மாரியப்பன் தாண்டிய 1.86-ஐத்தான் பாரிஸில் சரத் குமார் முறியடித்தார்.

வயலைப் பங்கு பிரித்த பிறகு பழைய பட்டாவின் பரப்பளவை வைத்துப் புதிய பட்டாவோடு சண்டை போட முடியாதல்லவா? அது போலத்தான்.

ஒரே போட்டி, இரண்டு சாதனைகள்

பிரித்துவிட்டார்களே தவிர, ஆட்கள் குறைவாக இருப்பதால் இரண்டு பிரிவுகளைச் சேர்த்து ஒரே போட்டியாக நடத்துவது வழக்கம். பதக்கம் ஒரே வரிசையில் போகும். சாதனை மட்டும் அவரவர் பிரிவில் ஏறும். பாரிஸில் 1.94 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற அமெரிக்கர் எஸ்ரா ஃப்ரெச்சின் உயரம் டி-63-இன் பாராலிம்பிக் சாதனை. அதே போட்டியில் இரண்டாவதாக வந்த சரத் குமாருடையது டி-42-இன் சாதனை.

ஈட்டி எறிதலில் இதைவிடத் தெளிவாகத் தெரியும். பாரிஸில் எஃப்-64 தங்கம் வென்ற அரியானாவின் சுமித் அன்டில் எறிந்தது 70.59 மீட்டர். இது பாராலிம்பிக் சாதனை. இரண்டாவதாக வந்த இலங்கை வீரர் சமித்த துலான் கொடித்துவக்கு எறிந்தது 67.03 மீட்டர். சுமித்தைவிட மூன்றரை மீட்டருக்கு மேல் குறைவு. ஆனால் அவர் எஃப்-44 பிரிவு. அந்தப் பிரிவில் 67.03 என்பது உலக சாதனை! வெள்ளி வென்றவர் உலக சாதனையாளர் ஆவது பாரா தடகளத்தில் ஆச்சரியமான செய்தி அல்ல.

மோகனூரில் தாண்டினால் கணக்கில் வருமா?

காவிரிக் கரையில் இருக்கும் மோகனூரில் ஒரு பள்ளி மைதானத்தில் ஒரு மாணவர் 1.90 தாண்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உடற்கல்வி ஆசிரியர் டேப் பிடித்து அளந்திருக்கிறார். செல்போனில் வீடியோ இருக்கிறது. ஊரே பார்த்தது. தேசிய சாதனையா?

இல்லை. மூன்று காரணங்கள்.

முதலாவது, போட்டி. பயிற்சியில் தாண்டியது கணக்கில் வராது. அங்கீகரிக்கப்பட்ட போட்டியில், முன்பே அறிவித்த நிகழ்வில், தகுதி பெற்ற நடுவர்கள் முன்னால் நடந்திருக்க வேண்டும். இந்தியாவில் பாரா தடகளத்துக்கான தேசிய அமைப்பு இந்தியப் பாராலிம்பிக் கமிட்டி. அது நடத்தும் தேசிய சாம்பியன்ஷிப்தான் தேசிய அளவில் முக்கிய மேடை. 2025 பிப்ரவரியில் 23-வது தேசிய சாம்பியன்ஷிப் சென்னையில் நடந்தது. மாவட்ட, மாநிலப் போட்டிகள் இந்த மேடைக்குப் போகும் படிக்கட்டுகள்.

இரண்டாவது, வகைப்பாடு. அந்த மாணவர் எந்தப் பிரிவு என்று வகைப்பாட்டாளர்கள் பரிசோதித்து எண் கொடுத்திருக்க வேண்டும். எண் இல்லாத உயரத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

மூன்றாவது, அளவை. உயரம் தாண்டுதலில் சாதனை உயரத்துக்குக் கம்பி வைக்கப்பட்டதும், தாண்டுவதற்கு முன்பே நடுவர்கள் அளந்து உறுதி செய்ய வேண்டும். ஒரு முயற்சியில் கம்பியில் உடல் பட்டுவிட்டால், அடுத்த முயற்சிக்கு முன் மறுபடியும் அளக்க வேண்டும். 100, 200 மீட்டர் ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதலிலும் முதுகுப்பக்கக் காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் அடித்தால் சாதனை கிடையாது. வெற்றி மட்டும் செல்லும். எறிதலில் கருவியின் எடை சோதிக்கப்படும். எடையும் பிரிவுக்குப் பிரிவு மாறும். பொதுப் பிரிவு ஆண்கள் எறியும் குண்டு 7.26 கிலோ, அமர்ந்து எறியும் எஃப்-57 ஆண்களுக்கு 4 கிலோ. தவறான எடையில் எவ்வளவு தூரம் எறிந்தாலும் வீண்.

மருத்துவச் சான்று வேறு, வகைப்பாடு வேறு

நிறையக் குடும்பங்கள் தடுமாறும் இடம் இது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதம் குறைபாடு இருந்தால் அரசு சலுகைகளுக்குத் தகுதி. தேசிய அடையாள அட்டையும் கிடைக்கும். ஆனால் அட்டையில் இருக்கும் சதவீதத்தை வைத்து விளையாட்டுப் பிரிவு தீர்மானிக்கப்படுவதில்லை. அந்தக் குறைபாடு ஓடுவதை, தாண்டுவதை, எறிவதை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்பதைத்தான் வகைப்பாட்டாளர்கள் பார்ப்பார்கள். உடல் பரிசோதனை, செய்து காட்டும் பரிசோதனை, தேவைப்பட்டால் போட்டியின்போது கவனிப்பது என்று படிப்படியாக நடக்கும். 60 சதவீதச் சான்று வைத்திருப்பவர் 'தகுதி இல்லை' என்று திருப்பி அனுப்பப்படவும் கூடும்.

அதோடு முடிவதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நிலையும் எழுதப்படும்: புதியவர், மறுஆய்வுக்கு உரியவர், உறுதி செய்யப்பட்டவர். மறுஆய்வில் எண் மாறலாம். தேசிய அளவில் கொடுத்த எண்ணைச் சர்வதேச வகைப்பாட்டாளர்கள் மாற்றலாம். உலக சாதனைக்கோ ஆசிய சாதனைக்கோ சர்வதேச வகைப்பாடு வேண்டும். தேசிய எண் போதாது.

இதன் விலை என்ன என்பதை 2021 டோக்கியோ காட்டியது. வட்டு எறிதல் எஃப்-52 பிரிவில் இந்தியாவின் வினோத் குமார் 19.91 மீட்டர் எறிந்து மூன்றாவதாக வந்தார். ஆசிய சாதனை என்று செய்தியும் வெளியானது. மற்ற நாட்டினர் ஆட்சேபம் தெரிவிக்க, முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. மறுநாள், அவரை அந்தப் பிரிவில் சேர்க்க இயலாது என்று வகைப்பாட்டாளர்கள் முடிவு சொன்னார்கள். பதக்கமும் போனது, சாதனையும் போனது. அளந்த டேப்பில் எந்தத் தவறும் இல்லை. பிரிவு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

யார் எந்த ஏட்டை வைத்திருக்கிறார்கள்?

தேசிய சாதனை, தேசிய அமைப்பின் பொறுப்பு. ஆசிய, உலக சாதனைகளை உலகப் பாரா தடகள அமைப்பு சரிபார்த்து ஏற்கும். சாம்பியன்ஷிப் சாதனை, பாராலிம்பிக் சாதனை என்பவை அந்தந்தப் போட்டித் தொடருக்குள் மட்டும் செல்லுபடியாகும். 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் மாரியப்பன் 1.88 தாண்டித் தங்கம் வென்றது உலக சாம்பியன்ஷிப் சாதனை. 2025-இல் இந்தியா முதல்முறையாக நடத்திய தில்லி உலக சாம்பியன்ஷிப்பில் சைலேஷ் குமார் 1.91 தாண்டி அதைக் கடந்தார்.

மைதானத்தில் ஒலிபெருக்கியில் 'புதிய சாதனை' என்று சொன்ன உடனே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. நடுவர் தாள், காற்றளவு, வகைப்பாட்டு விவரம் எல்லாம் போய்ச் சேர்ந்து ஏற்கப்பட வேண்டும். பிற்பாடு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், ஏறியதும் இறங்கிவிடும்.

ஏட்டை வைத்திருப்பவரே சிக்கலில் மாட்டினால்? அதுவும் நடந்திருக்கிறது. 2015-இல் இந்தியப் பாராலிம்பிக் கமிட்டியைச் சர்வதேச கமிட்டி இடைநீக்கம் செய்தது. 2024 பிப்ரவரியில், குறித்த காலத்தில் தேர்தல் நடத்தவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் நடவடிக்கை எடுத்தது. மார்ச்சில் தேர்தல் நடந்து, ஈட்டி வீரர் தேவேந்திர ஜஜாரியா தலைவரானார். நிர்வாகத்தில் நடக்கும் இழுபறியின் சுமை கடைசியில் வீரர்கள் தலையில்தான் விழுகிறது.

சாதனையால் என்ன பயன்?

பெருமை மட்டுமல்ல. சர்வதேசப் போட்டிக்குப் போகக் குறைந்தபட்சத் தகுதி அளவை எட்ட வேண்டும். அதையும் அங்கீகாரம் பெற்ற போட்டியில், குறித்த காலத்துக்குள் எட்ட வேண்டும். ரியோவுக்கான தகுதி உயரம் 1.60 மீட்டராக இருந்தபோது, 2016-இல் துனீசியாவில் நடந்த கிராண்ட் பிரிக்ஸ் போட்டியில் மாரியப்பன் 1.78 தாண்டினார். அந்தத் தாளில் எழுதப்பட்ட எண்தான் அவரை ரியோவுக்கு அழைத்துப் போனது. பிறகு பத்மஸ்ரீ, கேல் ரத்னா வந்தன. மோகனூருக்கு ஆற்றின் அக்கரையில் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் ஆலை நடத்தும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் 2021-இல் துணை மேலாளர் பணியும் வந்தது.

இந்தப் பாதையின் முதல் படி பக்கத்திலேயே இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. நாமக்கல்லில் மாவட்ட அளவிலேயே பங்கேற்கலாம். அங்கிருந்து மாநிலப் பாராலிம்பிக் சங்கத்தின் போட்டிகள், அப்புறம் தேசிய சாம்பியன்ஷிப்.

வீட்டார் செய்ய வேண்டியது இவ்வளவுதான். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன், அது யாருடைய அங்கீகாரத்தில் நடக்கிறது என்று கேளுங்கள். பிள்ளையின் பிரிவு எண் என்ன, நிலை என்ன, மறுஆய்வு எப்போது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். போட்டி முடிந்ததும் கோப்பையோடு படம் எடுப்பதோடு நிறுத்தாமல், கையொப்பமிட்ட முடிவுத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் பெயரும் பிரிவும் சரியாக இருக்கிறதா என்று மைதானத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பாருங்கள். ஓர் எண் தப்பாகப் பதிவாகிவிட்டால், அதைத் திருத்த அலைவது உயரம் தாண்டுவதைவிடக் கஷ்டம்.