'உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்'னு மேனேஜர் கூப்பிட்டா... ஃபீட்பேக் சொல்வதும் கேட்பதும் எப்படி?

மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்தால், பல அலுவலகங்களில் வெயிலோடு சேர்ந்து அப்ரைசலும் சூடு பிடிக்கும். வருடம் முழுக்க வாய் திறக்காத மேனேஜர், அரை மணி நேர மீட்டிங்கில் பன்னிரண்டு மாதக் கணக்கையும் தீர்த்துவிடுவார். உள்ளே போனவர் வெளியே வரும்போது, முகத்தைப் பார்த்தே கேன்டீன் வரை செய்தி பரவிவிடும்.

ஃபீட்பேக் என்பதற்குத் தமிழில் 'பின்னூட்டம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால், "சார் ஏதோ ஃபீட்பேக் கொடுக்கணும்னு கூப்பிடுறாரு" என்றால், நம் ஊர் ஆபீஸ்களில் திட்டு விழப்போகிறது என்றுதான் அர்த்தம். நன்றாகச் செய்த வேலையைச் சொல்வதும் ஃபீட்பேக்தான் என்பது பலருக்கு நினைவிலேயே இல்லை. 'நேர்ல பாராட்டினா தலைக்கனம் ஏறிடும்' என்ற வீட்டுப் பழக்கம், ஆபீஸ் வரை வந்துவிட்டது.

சொன்னால் வேலை சரியாகிவிடுமா?

அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்செலோ டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், அதுவரை வந்திருந்த ஆய்வுகளிலிருந்து 600-க்கும் மேற்பட்ட முடிவுகளைத் திரட்டி 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால், ஃபீட்பேக் பலன் தந்தது உண்மை. ஆனால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முடிவுகளில், ஃபீட்பேக் வேலையின் தரத்தைக் குறைத்திருந்தது! கேட்பவரின் கவனம் வேலையை விட்டு விலகி, 'என்னைப் பத்தி என்ன நினைக்கிறாங்க' என்ற பக்கம் திரும்பிவிட்டால் பலன் போய்விடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

"நீங்க எப்பவுமே அலட்சியம்" என்று ஒரு மேனேஜர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் என்ன செய்ய முடியும்? மனதுக்குள் பதில் வாதம் தயாரிக்கலாம், ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளலாம். அதையே, "திங்கட்கிழமை கிளையன்ட்டுக்கு அனுப்பின ஷீட்ல ஜி.எஸ்.டி. சேர்க்காம விட்டுட்டீங்க. அவங்க போன் பண்ணிக் கேட்ட பிறகுதான் நமக்கே தெரிஞ்சுது" என்று சொன்னால், எதைத் திருத்த வேண்டும் என்பது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. எந்தச் சூழலில், என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லும் முறையை, அமெரிக்காவின் 'சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்' பல ஆண்டுகளாகப் பயிற்றுவித்து வருகிறது. அடுத்த வாரம் ஷீட் சரியாக வந்தால், அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

இன்னொன்று, இடம். டீம் வாட்ஸ்அப் குரூப்பில் பெயரை டேக் செய்து "இது என்ன வேலை?" என்று கேட்பது ஃபீட்பேக் ஆகாது, முச்சந்தியில் நிறுத்தி வைப்பது. மற்றவர்கள் ப்ளூ டிக்கோடு வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

மேலே இருப்பவருக்கு யார் சொல்வது?

குறை சொல்வது மேலிருந்து கீழே மட்டும்தான் பாயும் என்று நினைக்கும் இடங்களில் ஆபத்து அதிகம். விமானத்துறை இந்தப் பாடத்தை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் கடும் பனிமூட்டம். கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 புறப்பட ஓடத் தொடங்கியபோது, அதே ஓடுபாதையில் பான் ஆம் விமானம் இன்னும் நின்றிருக்குமோ என்று கே.எல்.எம். விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினீயருக்குச் சந்தேகம். கேட்கவும் செய்தார். கேப்டனோ, அந்த நிறுவனத்தில் மற்ற பைலட்டுகளுக்குப் பயிற்சி தரும் அளவுக்கு மூத்தவர். 'பாதை காலிதான்' என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை. சில விநாடிகளில் இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

விபத்துக்கு வானிலை, குழப்பமான ரேடியோ உரையாடல் என வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும், இதற்கும் இதுபோன்ற மற்ற விபத்துகளுக்கும் பிறகு, 1979-ல் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து புதிய பயிற்சி முறை ஒன்று பிறந்தது. சந்தேகம் வந்தால் ஜூனியர் தயங்காமல், தேவைப்பட்டால் திரும்பவும் சொல்ல வேண்டும். கேப்டன் அதைக் காதில் வாங்க வேண்டும். இன்று உலகம் முழுக்க விமானக் குழுவினர் இதைக் கற்கிறார்கள்.

"ஏதாவது குறை இருந்தா சொல்லுங்கப்பா" என்று மீட்டிங் கடைசியில் கேட்கும் மேலதிகாரிக்கு மௌனம்தான் பதிலாகக் கிடைக்கும். "நான் பண்றதுல உங்க வேலைக்கு இடைஞ்சலா இருக்கிற ஒரு விஷயம் என்ன?" என்று தனியாகக் கேட்டால், யாராவது ஒருவர் வாய் திறக்க வாய்ப்புண்டு. சொன்னவரை அடுத்த அப்ரைசலில் பழிவாங்கினால், அதோடு அந்தக் கதவு மூடிவிடும்.

பெண்களுக்கு மட்டும் வேறு மாதிரி?

2014-ல் கீரன் ஸ்னைடர் என்பவர், தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிபுரிபவர்களிடமிருந்து 248 அப்ரைசல் குறிப்புகளைத் திரட்டிப் படித்தார். குறை சொல்லப்பட்ட குறிப்புகளில், ஆண்களுக்கு வேலை குறித்த யோசனைகளே பெரும்பாலும் இருந்தன. பெண்களுக்கோ குரல், தொனி, குணம் பற்றிய விமர்சனங்கள் நிறைய. சிறிய தொகுப்புதான். ஆனால், "கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க மேடம்" என்று கேட்டு அலுத்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. அப்படிச் சொல்பவரிடம், "இதனால எந்த வேலை பாதிச்சுது சார்?" என்று நிதானமாகக் கேட்கலாம். பதில் இருந்தால் அது ஃபீட்பேக். இல்லையென்றால் விட்டுத்தள்ளலாம்.

கேட்கும்போது...

குறையைக் கேட்கும் அந்த நிமிடத்தில் காது சூடாகும், நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் சொல்லும் விளக்கம் சாக்குப்போக்காகவே ஒலிக்கும். அதனால் குறித்துக்கொண்டு, ஓர் உதாரணம் மட்டும் கேட்டு, "யோசிச்சுட்டு நாளைக்குப் பேசறேன் சார்" என்று எழுந்துவிடுவது பாதுகாப்பு. மறுநாள் படித்துப் பார்த்தால், சொன்னதில் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருக்கலாம். சரியான பாதியை முதலில் ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்கினால், மீதிப் பாதியை மறுக்கும்போது எதிரில் இருப்பவர் காது கொடுப்பார்.

அடோபி நிறுவனம் 2012-ல் வருடாந்தர அப்ரைசலையே கைவிட்டு, அவ்வப்போது பேசும் முறைக்கு மாறியது. நம் கம்பெனி மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜூலையிலோ ஆகஸ்ட்டிலோ, ஒரு புராஜெக்ட் முடிந்த கையோடு, "இதுல அடுத்த தடவை எதை மாத்திப் பண்ணலாம்?" என்று நாமே போய்க் கேட்கலாம். டீ இடைவேளை பத்து நிமிடம் போதும்.