தோள்வலியும் காலக்கணக்கும்

தோள்வலிக்குச் சிறப்பு மருத்துவரை எப்போது நாடுவது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. ஏனெனில், தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும் இரு கோளாறுகளுள் ஒன்று பொறுமையைக் கோருவது, மற்றொன்று தாமதத்தைப் பொறுக்காதது. முன்னது ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ எனப் பரவலாக வழங்கும் தோள் இறுக்கம். பின்னது, தோள் மூட்டைச் சூழ்ந்து நின்று கையைத் தூக்கவும் சுழற்றவும் துணைபுரியும் நான்கு தசைகளின் நாண்கள், அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் பட்டைகள், கிழிவது.

தோள் இறுக்கத்திற்கு ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்ற பெயரை 1934-இல் வழங்கியவர் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். மூட்டை மூடியிருக்கும் மூட்டுறை அழற்சியுற்று, தடித்துச் சுருங்குவதே இந்நோய். முதல் சில மாதங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் வலி மிகுந்திருக்கும்; வலி தணியத் தணிய இறுக்கம் கூடி, தலை வாரவும் சட்டைக்குள் கை நுழைக்கவும் இயலாமற்போகும்; பின்னர் மெல்லத் தளரும். இவை யாவும் கடந்து முடிய ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம். 40 முதல் 60 வயதினரிடையே, குறிப்பாகப் பெண்களிடம், இது மிகுதி. சர்க்கரை நோயாளிகளுக்கோ வரும் வாய்ப்பும் கூடுதல், தீர்வதும் தாமதம். ஆகவே சர்க்கரை நோய் பெருகிவிட்ட தமிழ்நாட்டில், அடிபடாமலே தோள் இறுகியவர்கள் இரத்தச் சர்க்கரையையும் சோதித்துக்கொள்வது அவசியம்.

தோள் இறுக்கத்தையும் நாண் கிழிசலையும் பிரித்தறியப் பெரும்பாலும் மருத்துவரின் கைகளே போதும். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்புறமாகத் திருப்பச் சொன்னால், இறுக்கம் உடையவரால் திருப்ப இயலாது, மருத்துவர் திருப்பினாலும் திரும்பாது. நாண் கிழிந்தவரிடமோ, அவரால் தானே தூக்க முடியாத கை மருத்துவர் தாங்கித் தூக்கும்போது பெரும்பாலும் உயரும். மூட்டுத் தேய்மானமோ மூட்டு விலகலோ இல்லை என்று உறுதிசெய்ய எக்ஸ்ரேயும், கிழிசலின் அளவை அறிய அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உதவும். எனினும், வலியே இல்லாத முதியவர் பலரின் தோளிலும் ஸ்கேன் கிழிசலைக் காட்டும் என்பதால், கையை அசைத்துப் பாராமல் படத்தை மட்டும் நம்பி அறுவைக்கு நாள் குறிப்பது ஏற்கத்தக்கதன்று.

தோள் இறுக்கத்திற்கு வலிநிவாரணிகள், மூட்டினுள் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி, இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் மென்மையான பயிற்சிகள் ஆகியவை பெரும்பாலோர்க்குப் போதும். முன்னே குனிந்து கையைத் தளரவிட்டு ஊசலாட்டும் எளிய பயிற்சி இன்றும் காட்மன் பெயரால் வழங்குகிறது. ஊசிக்குப் பின் சில நாள்கள் சர்க்கரை ஏறக்கூடும் என்பதைச் சர்க்கரை நோயாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வலி மிகுந்த காலத்தில் எண்ணெய் தடவி வலுக்கட்டாயமாக நீவி இழுப்பது அழற்சியைத் தூண்டும். மாதக்கணக்கில் பயனில்லையெனில் மட்டுமே, மயக்கத்தில் மூட்டை அசைத்து விடுவிப்பதையோ, நுண்துளை வழியே மூட்டுறையைத் தளர்த்துவதையோ எண்ண வேண்டும்.

வயதின் தேய்வால் நேரும் கிழிசல்களும் பல வேளைகளில் பயிற்சியாலேயே சீராகும். ஆனால் கீழே விழுந்ததும் கையைத் தூக்கும் ஆற்றல் திடீரென்று போயிற்றென்றால், வலி குறைந்துவிட்டாலும் சில நாள்களுக்குள் எலும்பு மூட்டு மருத்துவரைக் காண வேண்டும். காலம் கடந்தால் அறுந்த நாண் உள்வாங்கி, தசை கொழுப்பாக மாறி, தைத்தாலும் ஒட்டாத நிலை வரக்கூடும். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால் கிருமித்தொற்றாக இருக்கலாம். நெஞ்சிறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறலோடு தோள் வலித்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். இவ்விரண்டிலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே உடனே செல்ல வேண்டும்.