மழையின் மேல் பழி

விழுப்புரத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு டிஷ் நிற்கும். பெரும்பாலானவை தென்கிழக்கே, கடலூர்த் திசையில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் எதையோ பார்ப்பதுபோல் சாய்ந்திருக்கும். அந்த இடத்தில் அவற்றுக்கான செயற்கைக்கோள் இல்லை. அவை உண்மையில் பார்ப்பது அதற்கும் வெகு மேலே, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில்.

வீட்டு டிஷ் முழுக் கிண்ணம் அல்ல. ஒரு பெரிய கிண்ணத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு அது. ஆகவே அலைகள் குவியும் புள்ளி தகட்டின் நடுவுக்கு நேரே அமையாமல் கீழே தள்ளி அமைகிறது. குவியும் அலைகளை வாங்கும் எல்.என்.பி. என்ற கருவியைத் தாங்கும் கை கீழிருந்து நீள்வது இதனால்தான். தகட்டின் முகம் காட்டும் கோணத்தோடு ஏறத்தாழ 24, 25 டிகிரியைக் கூட்டினால்தான் டிஷ்ஷின் உண்மையான பார்வைக் கோணம் கிடைக்கும். எல்.என்.பி.யின் நிழல் தகட்டில் விழாது, சருகும் தண்ணீரும் தேங்காது என்பவை கூடுதல் லாபம். லண்டனில் இருக்கும் உறவினர் அனுப்பும் படத்தில் அவர் வீட்டுச் சுவர் டிஷ் செங்குத்தாக நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே செயற்கைக்கோள் 25 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் தகடு நேராக நின்றாலே போதும்.

விழுப்புரத்துக் கணக்கு வேறு. சன் டைரக்ட், டி.டி. ஃப்ரீ டிஷ் இரண்டையும் தரும் ஜிசாட்-15, 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் போனது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கி.மீ. உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் அதை நகராமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் ஹாசனில் உள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு நிலையம் அவ்வப்போது அதன் சிறு உந்துபொறிகளை இயக்கி, இடம் விலகாமல் பார்த்துக்கொள்கிறது. விழுப்புரம் இருப்பது 79.5 டிகிரித் தீர்க்கரேகையில், சுமார் 12 டிகிரி வடக்கே. கோண கணிதம் போட்டுப் பார்த்தால், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 130 டிகிரி திரும்பி, அடிவானத்திலிருந்து 68.5 டிகிரி நிமிர வேண்டும். 83 டிகிரியிலிருந்து வரும் டாடா பிளேவுக்கு இன்னும் செங்குத்து: ஏறக்குறையத் தெற்கே, 75 டிகிரி. 108.2 டிகிரியிலுள்ள ஏர்டெல்லுக்கு மட்டும் கிழக்கே நன்றாகத் திரும்பி 54 டிகிரிக்கு இறங்க வேண்டும்.

செயற்கைக்கோள் இப்படி உச்சிக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் ஊரில் டிஷ் திருப்பும் வேலைக்கே ஒரு தனிக் குணம் வந்துவிடுகிறது. விரித்த குடையின் காம்பைப் பிடித்துச் சுழற்றினால் கம்பியின் வெளிமுனை வெகு தூரம் ஓடும். உச்சியை ஒட்டிய பகுதியோ கொஞ்சமே நகரும். டிஷ்ஷும் அப்படித்தான். 68 டிகிரி நிமிர்ந்த டிஷ்ஷைக் கம்பத்தில் ஒரு டிகிரி இடவலமாகத் திருப்பினால் வானத்தில் அதன் பார்வை 0.4 டிகிரிகூட நகராது. மேல் கீழாக ஒரு டிகிரி அசைத்தாலோ முழு ஒரு டிகிரியும் போய்விடும். 'லெஃப்ட்ல கொஞ்சம், ரைட்ல கொஞ்சம்' என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர்கள் பலர் மேல் கீழ் நட்டைத் தொடுவதே இல்லை. பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

விழுப்புரத்தில் சரியாக வைத்த ஒரு டிஷ்ஷை அப்படியே லாரியில் ஏற்றி, ஏறத்தாழ 40 கி.மீ. தள்ளித் திண்டிவனத்தில் இறக்கினால் என்ன மாறும்? திசையில் ஒரு டிகிரி, உயரத்தில் 0.1 டிகிரி. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் ஏறக்குறைய 3 டிகிரி. ஆகவே அந்த வித்தியாசத்தை டிஷ் உணரவே உணராது. இவ்வளவு தாராளம் நல்லதுதான். ஆனால் நம் ஊர் டிஷ்களில் பல ஆண்டுக்கணக்கில் கோணலாகவே நின்று படம் காட்டிக்கொண்டிருப்பதற்கும் இந்தத் தாராளம்தான் காரணம்.

பழைய ஆண்டெனாவில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி பொறியும், உருவம் இரட்டையாகும். குறை கண்ணுக்குத் தெரிந்தது. டிஜிட்டல் ஒளிபரப்பில் அப்படி இல்லை. பிழை திருத்தும் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருப்பதால், பாதிச் சக்தி போனாலும் படம் பளிங்குபோல் இருக்கும். ஓர் எல்லை தாண்டியதும் கட்டம் கட்டமாகச் சிதறி, அடுத்த நொடி 'சிக்னல் இல்லை' என்று வந்துவிடும். டிஷ் ஒன்றரை டிகிரி விலகியிருந்தாலே வரும் சக்தியில் பாதி போய்விடும். வெயில் நாளில் அது யாருக்கும் தெரியாது. மீதியிருக்கும் பாதியில் மழை கை வைக்கும் நாளில்தான் தெரியும். அன்றைக்குப் பழி முழுக்க மழையின் மேல் விழும்.

மழைக்கும் பங்கு இல்லாமல் இல்லை. வீட்டு டிஷ் வாங்கும் கே.யூ. பேண்ட் அலையின் நீளம் இரண்டரை செ.மீ. சில மி.மீ. பருமனுள்ள மழைத்துளி அந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கிறது. மணிக்கு 5 செ.மீ. வேகத்தில் கொட்டும் மழை, ஒவ்வொரு கிலோமீட்டர் பாதையிலும் அலையின் சக்தியில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் தின்றுவிடும். கேபிள்காரர் மாடியில் நிற்கும் ஆளுயர டிஷ்கள் வாங்குவதோ 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய சி பேண்ட் அலை. அதன் நீளம் ஏழரை செ.மீ. மழை அதை அவ்வளவாகச் சீண்டாது. ஒரே தெருவில், ஒரே மழையில், பக்கத்து வீட்டுக் கேபிளில் சீரியல் ஓடும்போது நம் வீட்டில் திரை இருண்டு கிடப்பதன் ரகசியம் இதுதான்.

நம் பகுதியில் மழை சுமார் 5 கி.மீ. உயரத்திலிருந்து நீர்த்துளியாக இறங்குகிறது. அதற்கு மேலே பனிக்கட்டி, அது அலையை அதிகம் தடுக்காது. 68.5 டிகிரியில் ஏறும் நம் பாதை மழைக்குள் கடப்பது ஐந்தரை கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. தரையில் அளந்தால், வீட்டிலிருந்து தென்கிழக்கே 2 கி.மீ.க்குள் பெய்யும் மழை மட்டுமே நம் படத்தைத் தொட முடியும். தலையில் ஒரு துளி விழுவதற்கு முன்பே படம் போவதும், இங்கே கொட்டிக்கொண்டிருக்கும்போதே படம் திரும்பி வருவதும் அந்த 2 கி.மீ.யில் நடக்கும் கதை. கனமழைக்கு ஐந்து பத்து நிமிடம் படம் போனால் இயற்கை. தூறலுக்கே போனால் டிஷ்ஷைத்தான் சந்தேகிக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறி, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பெய்ததே, அதுபோன்ற நாளுக்கு எந்த டிஷ்ஷும் ஈடு கொடுக்காது. அன்றைக்கு மின்சாரமும் இல்லை என்பது வேறு விஷயம்.

வானத்தில் உண்மையிலேயே கோளாறு நடந்த நாளும் உண்டு. 2010 ஜூலை 7 அன்று, அப்போது 93.5 டிகிரியில் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்சார அமைப்பு பழுதாகி, அதன் ஒளிபரப்புக் கருவிகளில் பாதியை நிறுத்த வேண்டி வந்தது. சன் டைரக்ட் 91.5 டிகிரியில் இருந்த மலேசியாவின் மீசாட்-3க்கு மாறியது. ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிக் கிருமியின் வேலையோ என்று அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஊகம் கிளம்ப, இஸ்ரோ மறுத்தது. நமக்கு வேண்டியது அந்த 2 டிகிரி. சுற்றுப்பாதையில் வெறும் 2 டிகிரி தள்ளியிருக்கும் கோளைப் பிடிக்க, விழுப்புரத்து டிஷ்ஷைக் கம்பத்தில் நாலரை டிகிரி தெற்கே திருப்பி, ஏறத்தாழ 1.7 டிகிரி நிமிர்த்த வேண்டும். குடைக் கணக்கேதான்.

இனி மாடிக்கு ஏறலாம். முதலில் பார்க்க வேண்டியது கம்பம். கொத்தனாரின் ரசமட்டத்தையோ தூக்குக்குண்டையோ வைத்துக் கம்பம் நாலா பக்கமும் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் தாங்கியில் பொறித்திருக்கும் கோண எண்கள் அத்தனையும் பொய். திசைக்குக் கைபேசியின் திசைகாட்டி போதும். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பகுதியில் உள்ள வேறுபாடு 2 டிகிரிக்குள்தான். இரும்புக் கம்பத்தை ஒட்டி வைத்துப் பார்க்காமல் நாலடி தள்ளி நின்று பார்க்க வேண்டும், அவ்வளவே. பிறகு செட்டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்துவிட்டு ஒருவர் கீழே டி.வி. முன் உட்கார வேண்டும்.

"வந்துச்சாடா தம்பி?"

"எழுபது... எண்பதுண்ணே... ஐயோ போச்சு!"

இந்த உரையாடல் நடக்காத தெரு இல்லை. படம் வந்தவுடன் அண்ணன் நட்டை முறுக்கிவிட்டு இறங்கிவிடுவார். அங்கேதான் தப்பு. உச்சத்தை நேரடியாகப் பிடிப்பது கடினம், ஏனென்றால் உச்சத்தை ஒட்டி எண் அதிகம் மாறாது. ஓரத்தில்தான் சட்டென்று சரியும். ஆகவே மேலே உயர்த்திக்கொண்டே போய், மெனுவில் தரம் என்று காட்டும் எண் விழும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, கீழே இறக்கி அது விழும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுவில் நிறுத்துங்கள். இடவலத்துக்கும் இதே முறை. ஒவ்வோர் அசைவுக்கும் பிறகு சில நொடி பொறுக்க வேண்டும், பாக்ஸ் சிக்னலைப் பூட்டிக்கொள்ள அவ்வளவு நேரம் எடுக்கும். நட்டுகளை ஒன்றை முழுக்க முறுக்கி அடுத்ததற்குப் போகாமல் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். முறுக்கும் வேகமே டிஷ்ஷை ஒரு டிகிரி இழுத்துவிடும். கடைசியாக எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் மெல்லத் திருகித் தரம் கூடும் இடத்தில் நிறுத்த வேண்டும். கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லாததால் அதன் அலைகள் சாய்ந்து வருகின்றன, எல்.என்.பி.யும் அந்தச் சாய்வுக்கு ஈடாகச் சாய வேண்டும்.

மெனுவில் இரண்டு பட்டை தெரியும்: வலிமை, தரம். வலிமை என்பது கம்பி வழியாக ஏதோ ஒரு சக்தி வந்து சேருகிறது என்பதற்கான கணக்கு மட்டுமே; இரைச்சலும் அதில் சேர்த்தி. தரம்தான் படம். வலிமை நிறைய இருந்து தரம் பூஜ்யம் என்றால் டிஷ் வெற்று வானத்தையோ வேறொரு கோளையோ பார்க்கிறது. இரண்டுமே பூஜ்யம் என்றால் டிஷ்ஷைத் தொடவே வேண்டாம், கோளாறு கம்பியில் அல்லது எல்.என்.பி.யில். பாதிச் சேனல் வந்து பாதி வரவில்லை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எல்.என்.பி.க்கு மின்சாரம் கீழேயுள்ள பாக்ஸிலிருந்து அதே கம்பி வழியாகத்தான் ஏறுகிறது: 13 வோல்ட் போனால் ஒருவகைச் சேனல்கள், 18 வோல்ட் போனால் மற்றவை. நீளமான, துருப்பிடித்த, நடுவில் முறுக்கி ஒட்டுப் போட்ட கம்பியில் 18 வோல்ட் வழியிலேயே தேய்ந்துவிடும்.

ஒட்டுப் போட்ட கம்பியைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொல்லலாம். நான் பார்த்தவரை வீட்டு டிஷ் கோளாறுகளில் பெரும்பகுதி கனெக்டரில்தான் பிறக்கிறது. செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மரக்காணம் பக்கம் உப்புக்காற்றில் அது சீக்கிரமே ஏறும். எல்.என்.பி.க்குள் நுழைவதற்கு முன் கம்பியைக் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் மழைநீர் கனெக்டருக்குள் வழியாமல் சொட்டிவிடும். எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெடித்திருந்தால் உள்ளே தண்ணீர் சேரும், குளவி மண்கூடு கட்டும். அதன்மேல் கேரி பேக் கட்டி வைப்பதும் முழுத் தீர்வல்ல. காய்ந்த பை அலையைத் தடுக்காது, நனைந்த பையின் மேல் படியும் நீர்ப்படலம் தடுக்கும். இன்னொன்று, எல்.என்.பி. அதிர்வெண்ணைக் குறைத்துக் கீழே அனுப்பும் அலைகளில் ஒரு பகுதி கைபேசி கோபுரங்கள் பயன்படுத்துவதோடு ஒத்துப்போகும். கோபுரத்தை ஒட்டிய வீட்டில் சில சேனல்கள் மட்டும் காரணமில்லாமல் தடுமாறினால், கம்பியின் வலைக்கவசம் கனெக்டரில் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

மரம் மறைக்கிறது என்ற புகாரில் பாதிக்கு மேல் ஆதாரம் இருக்காது. 68 டிகிரியில் பார்க்கும் டிஷ்ஷைவிட 10 அடி உயர்ந்த தென்னை, அதிலிருந்து 4 அடிக்குள் தென்கிழக்கில் இருந்தால்தான் மறைக்கும். சந்தேகம் என்றால் சூரியனையே கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 15ஐ ஒட்டிக் காலை 11.15 வாக்கிலும், செப்டம்பர் 28ஐ ஒட்டி 11 மணிக்குச் சற்று முன்பும், விழுப்புரத்திலிருந்து பார்க்கையில் சூரியன் ஜிசாட்-15க்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் டிஷ்ஷின் மேல் மர நிழல் விழுந்தால் மரம்தான் குற்றவாளி. நல்ல வெயில் விழுந்தால் அரிவாளைக் கீழே வையுங்கள். அந்த நாட்களில் சூரியனின் சொந்த இரைச்சலும் டிஷ்ஷுக்குள் இறங்குவதால் சில நிமிடங்கள் படம் தடுமாறலாம், தானே சரியாகிவிடும். டிஷ்ஷுக்குப் பளபளப்பில்லாத சொரசொரப்பான வண்ணம் பூசியிருப்பதும் சூரியனுக்காகத்தான். கண்ணாடிபோல் இருந்தால் வெயில் முழுக்க எல்.என்.பி. மேல் குவிந்து அதை உருக்கிவிடும். ஆகவே பழைய டிஷ்ஷுக்கு மினுமினுக்கும் எனாமல் பெயின்ட் அடிக்காதீர்கள்.

இடி மின்னல் நேரத்தில் மாடிக்குப் போக வேண்டாம். இடி தொடங்குவதற்கு முன்பே பாக்ஸின் பின்னாலுள்ள கம்பியைக் கழற்றி வைத்தால் போதும். வானம் வெளுத்த ஒரு நாளில் வலிமை, தரம் இரண்டையும் குறித்து டி.வி.க்குப் பின்னால் ஒரு சீட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை சர்வீஸ்காரரைக் கூப்பிடும்போது 'படம் வரல' என்று மட்டும் சொல்லாமல், 'தரம் 85 இருந்தது, இப்போது 50, வலிமை குறையவில்லை' என்று சொன்னால் அவர் ஸ்பேனரோடு வருவார். 'இரண்டும் பூஜ்யம்' என்றால் எல்.என்.பி.யும் கனெக்டரும் கையில் இருக்கும். இரண்டாவது தடவை அவர் அலைய வேண்டியிருக்காது.