தீனி தின்னும், தேறாது: கோழிக் குடற்புழுவை ஒழிக்கும் வழி



மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரை ஊர்களில், சவுக்குத் தோப்போரம் பத்து நாட்டுக்கோழி மேயாத தெரு குறைவு. கோழிக் காசு என்பது வீட்டுப் பெண்களின் கைக்காசு. பிள்ளைக்கு நோட்டு வாங்குவதும், அவசரத்துக்கு டாக்டரிடம் ஓடுவதும் அதில்தான்.

ஒரு தை மாதம் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். "ஐயா, நொய்யும் தவிடும் போடுறேன். நல்லாத்தான் தின்னுது, ஆனா தேறல. முட்டையும் நின்னு போச்சு. யாரோ கண்ணு வெச்சிட்டாங்க" என்றார் அந்த அம்மா. ஒரு கோழியைப் பிடித்து நெஞ்சைத் தடவினேன். எலும்பு கத்தி மாதிரி கையில் தட்டியது. காலையில் செத்திருந்த மூன்று மாதக் குஞ்சின் குடலைப் பிரித்துப் பார்த்தால், வேகவைத்த சேமியா போல வெள்ளைப் புழுக்கள் அடைத்துக் கிடந்தன. கண்ணேறு அல்ல, குடற்புழு!

மருந்து கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். கூண்டடியைச் சுத்தம் செய்யச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டே மாதத்தில் புழு திரும்பி வந்தது. தவறு என்னுடையது. ஏன் திரும்பியது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நான் பார்த்தது உருண்டைப்புழு. ஐந்து முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் வளரும். இதன் முட்டை எச்சத்தோடு வெளியே வந்து, ஈர மண்ணில் பத்துப் பன்னிரண்டு நாளில் பக்குவப்படும். அதை வேறு கோழி கொத்தித் தின்றால், ஐந்து முதல் எட்டு வாரத்தில் அதன் குடலிலும் புழு வளர்ந்து முட்டையிடும். நிழலும் ஈரமும் இருந்தால் இந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தொல்லை கூடுவது இதனால்தான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்கே ஆபத்து அதிகம்.

இன்னொன்று நாடாப்புழு. எறும்பு, வண்டு, ஈ இவற்றைத் தின்பதால் வரும். எச்சத்தில் சோற்றுப் பருக்கை போல வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் இதுவென்று சந்தேகப்படலாம்.

ஆனால் எல்லாக் கழிச்சலும் புழுவல்ல. எச்சத்தில் இரத்தம் கண்டால் அது இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கோழிகள் மளமளவென்று செத்தால் ராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். அப்போது செத்த கோழியை அறுக்காமல், உடனே கால்நடை டாக்டருக்குச் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால், நாலைந்து கோழிகளின் புது எச்சத்தை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள்.

இனி மருந்து. உருண்டைப்புழுவுக்குப் பிப்பரசின் மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து தரலாம். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்தி, பிறகு மருந்துத் தண்ணீரை வைத்தால் மிச்சமில்லாமல் குடிக்கும். இது வளர்ந்த புழுவைத்தான் வெளியேற்றும். குஞ்சுப்புழு தப்பிவிடும். அதனால் மூன்று வாரம் கழித்து மறுபடியும் தர வேண்டும். நாடாப்புழுவுக்குப் பிப்பரசின் கேட்காது. அதற்கு வேறு மருந்து டாக்டர் தருவார்.

அல்பெண்டசோல் கொடுப்பதானால் கண்மதிப்பு கூடாது, எடை பாருங்கள். ஒரு கிலோ எடைக்குப் பத்து மில்லிகிராம் என்று டாக்டர் எழுதினால், 2.5 சதவீத மருந்தில் அது 0.4 மில்லி. ஒன்றரைக் கிலோ கோழிக்கு 0.6 மில்லி. ஊசி கழற்றிய சிரிஞ்சால் அலகோரம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அவசரப்பட்டால் புரையேறிவிடும். அளவு குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது. நாளடைவில் மருந்துக்கே பழகிவிடும். டாக்டர் சொல்லும் நாள்வரை அந்தக் கோழியின் முட்டையையும் கறியையும் தின்னவோ விற்கவோ வேண்டாம்.

மருந்து கொடுத்த மறுநாளிலிருந்து விழும் எச்சத்தைத் தினமும் கூட்டி அள்ளி, கோழி கிளறாத மூடிய எருக்குழியில் போடுங்கள். கூண்டை வெயிலில் காயப்போட்டு, இடம் மாற்றி வையுங்கள். ஈர மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு உலர்ந்த மணல் பரப்புங்கள். சுண்ணாம்பு தூவினால் புழு முட்டை செத்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வெயிலும் உலர்ச்சியும்தான் அதற்கு எமன். தீனியைத் தரையில் இறைக்காமல் தட்டில் வையுங்கள். குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடாதீர்கள். வான்கோழி வளர்ப்பவர்கள் அதையும் தனியே வைக்க வேண்டும். கோழியின் குடலிலுள்ள இன்னொரு சிறு புழுவின் முட்டை மூலம் வான்கோழிக்குக் கருந்தலை நோய் வரும்.

குஞ்சுக்கு இரண்டு மாதத்தில் முதல் மருந்து, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மழைக்கு முன் புரட்டாசியிலும், மழை ஓய்ந்து தையிலும் தவறக்கூடாது. தையில் கொடுத்துவிட்டால், பிப்ரவரியில் நடக்கும் கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கோழி தெம்பாக இருக்கும். ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

மேலும் விவரம் வேண்டுவோர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்கலாம். அந்த அம்மா வீட்டில் இரண்டாம் முறை மருந்தும் துடைப்பமும் சேர்ந்து வேலை செய்தன. சித்திரையில் போனபோது கூடையில் முட்டை இருந்தது. உங்கள் வீட்டுக் கூடையும் நிறையட்டும்.